அவள் கைக்கு ஏற்ற ஏழாம் நம்பர்

கார்த்திகை மழையில் எங்கள் ஊர் தோணிரேவில், ஏரிக்கரைப் படகுத்துறைப் படியெல்லாம் பாசி பிடித்துக் கிடந்தது. என் மனைவி இறால் கூடையோடு இறங்கும்போது வழுக்கி, வலது தோள் மேல் விழுந்தாள். கூடையைக் கடைசிவரை விடவில்லை, அதனால்தான் கையை ஊன்ற முடியாமல் போனது என்று துறையில் நின்றவர்கள் சொன்னார்கள். நான் மெட்ராஸில் வேலையில் இருந்தேன். போன் வந்ததும் ரயில் பிடித்துப் பொன்னேரியில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கையைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு, பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கொட்டுன இறால யாராச்சும் அள்ளி எட்த்தாங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் தோள் இறுகிப்போய்விட்டது. கை இடுப்புக்கு மேலே வரவில்லை. தலை வாரிக்கொள்ள முடியாது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் நான்தான் அவளுக்குத் தலை வாரிவிடுவேன். எனக்குப் பின்னல் வராது. கொண்டை போடுவேன், அதுவும் அடுப்படிக்குப் போவதற்குள் அவிழ்ந்துவிடும். வெளியே போகும் பக்கத்து வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். அந்த மாதங்களில் அவள் பேச்சே குறைந்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் போய்விட்டால் பகல் முழுக்க அவளும் சுவரும்தான்.

என் மனைவி பிறந்த ஊரில் பெண்கள் வலையில்லாமல் கையாலேயே இறால் பிடிப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவியபடி நகர்வார்கள். கல்யாணம் ஆகி இங்கே வந்த பிறகும் அவள் அதை விடவில்லை. ஏரியில் இறங்காத நாள் அவளுக்கு நாளே இல்லை. இப்போது ஒரு தோளை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, மற்றவர்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னேரியில் தோளுக்குப் பயிற்சி சொல்லித்தந்த பெண் சின்னவள். என் மனைவியின் கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வீட்ல நீளமா ஒரு குச்சி இருக்காம்மா? ரெண்டு கையாலயும் புடிச்சி மேல தூக்குங்க. அப்புறம் ஊஞ்சல் மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுங்க. வலிச்சா நிறுத்திடுங்க, ஆனா தினமும் செய்யுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து குச்சி தேடினோம். படகுக் கோல் கூரையை இடித்தது. துடுப்பு கனம். விளக்குமாறு, "கையில ஒண்ணும் இல்லாத மாதிரி கீது" என்றாள். மூலையில் பாம்பு அடிக்க உதவட்டும் என்று நான் எப்போதோ கொண்டுவந்து போட்ட ஒரு பழைய கோல்ஃப் மட்டை நின்றது. ஏழாம் நம்பர் ஐயன். அதை எடுத்துக் கொடுத்தேன்.

என் வேலையைச் சொல்ல வேண்டும். மெட்ராஸில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற வேலை. அதற்கு கேடி என்று பெயர். பெண் பார்க்கப் போனபோது மாமனார், "மாப்ளைக்கு இன்னா வேல?" என்று கேட்டார். நான் பெருமையாக, "கேடியா கீறேன்" என்றேன். வீடே அமைதியாகிவிட்டது. போலீஸ்காரர்கள் ரௌடிக்கு வைத்திருக்கும் பெயரும் அதுதானே. மாமனார் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "நைனா, எந்த ஸ்டேசன்ல?" என்று கேட்டார். உள்ளே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஐயன் என்றால் இரும்புத் தலை வைத்த மட்டை. ஒரு செட்டில் பல நம்பர் இருக்கும். நம்பர் குறைந்தால் பந்து தாழ்ந்து தூரம் போகும். நம்பர் ஏறினால் உயரப் போய்க் கிட்டத்தில் இறங்கும். இத்தனை வருஷம் பை தூக்கியதில், தனக்கு ஏற்ற ஐயனைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு சிரமம் என்று பார்த்திருக்கிறேன். டி.வி.யில் ஆடுகிறவர் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, கத்தி மாதிரி மெல்லிய தலை வைத்த செட்டை ஆசையாக வாங்கி வருவார்கள். அது நடுவில் பட்டால் வெண்ணெய். ஒரு விரல் தள்ளிப் பட்டால் முழங்கைவரை அதிரும். தலையின் முதுகைக் குழித்து, அடியை அகலமாக வைத்துச் செய்த செட் பார்க்கக் கொஞ்சம் தடியாக இருக்கும், ஆனால் தப்பாகப் பட்ட பந்தையும் முடிந்த மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும். யாராவது கேட்டால் நானும் கேட்பேன். சார் வாரத்துல எத்தனை நாள் ஆடறீங்க, பந்து எந்தப் பக்கம் போவுது, ஆட்டம் முடிஞ்சா எங்க வலிக்குது. ஆடுகிற ஆட்டம் ஒன்று, ஆட ஆசைப்படுகிற ஆட்டம் ஒன்று. செட்டு முதலாவதுக்குப் பொருந்த வேண்டும். எல்லாருக்கும் இரண்டும் வேறாகத்தான் இருக்கிறது, எனக்கும் சேர்த்து.

அந்த ஏழாம் நம்பரைப் பிடித்துக்கொண்டு அவள் தினமும் கையை ஆட்டினாள். முதலில் முழங்கால் உயரம்கூட வரவில்லை. வலிக்கும்போது உதட்டை மடித்துக் கடித்துக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தென்னையிலிருந்து உதிர்ந்த குரும்பை ஒன்று வேலிக்கு அந்தப்பக்கம் பறந்துகொண்டிருந்தது. அவள் மட்டையைக் கையில் பிடித்தபடி அது போன திசையையே பார்த்து நின்றாள்.

"இன்னாமே பண்ணே?"

"ஆட்டிக்கினே இருந்தேன். அது கீய கெட்ந்துச்சி. தட்டிப் பாக்கலாம்னு." வேலிப்பக்கம் பார்த்தபடியே, "நல்லா கீதுயா, அந்தச் சத்தம்" என்றாள்.

கார்த்திகைக்குப் பிறகு அவள் முகத்தில் அன்றுதான் பழைய வெளிச்சத்தைப் பார்த்தேன். மறுநாள் மைதானத்தில் யாருக்கும் வேண்டாத பழைய பந்துகளை ஒரு பை நிறையக் கேட்டு வாங்கி வந்தேன்.

பங்குனி பிறந்ததும் ஏரி உள்வாங்கத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் நின்ற இடமெல்லாம் வெடித்துக் காய்ந்து, மேலே உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும். கண்ணுக்கு எட்டிய மட்டும் தடையில்லை. தூரத்தில் மிச்சத் தண்ணீரில் பூநாரைகள் நிற்கும், அவ்வளவுதான். சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் அங்கே போவோம். அவள் அடிப்பாள். நான் பந்து பொறுக்குவேன்.

நான் அதிகம் சொல்லித்தரவில்லை. பிடிக்கும் விதம் காட்டினேன், நிற்கும் விதம் காட்டினேன். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் அவசரத்தில் தலையைத் தூக்கிவிடுவார்கள். இவள் தூக்கவில்லை. அடித்து முடித்த பிறகும் குனிந்த தலை குனிந்தபடியே இருக்கும். கேட்டதற்கு, "சேத்துல கை வெச்சிக்கினு வானத்த பாத்தா இறால் வருமா?" என்றாள்.

தோள் இளகிக்கொண்டு வந்தது. ஆனால் புதுத் தொல்லை ஒன்று வந்தது. அந்த ஏழாம் நம்பர் யாரோ உயரமான ஆண்பிள்ளைக்காகச் செய்தது, கத்தித் தலைவகை. ஏரித்தரை மேலே அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும், கீழே களி. மட்டையின் மெல்லிய விளிம்பு அப்பளத்தை உடைத்துக்கொண்டு களியில் போய்க் குத்தும். குத்துகிற அதிர்ச்சி நேராகத் தோளுக்கு ஏறும். நிறுத்தாமல் அடுத்த பந்தை வைப்பாள். ஆனால் வீட்டுக்கு வரும்போது இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். இவளுக்கென்று ஒரு செட் வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

எங்கள் மைதானத்து மெம்பர் ஒருவரின் மனைவி ஆட்டத்தை விட்டுவிட்டார். பெண்களுக்கென்றே செய்த அவருடைய செட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இறகு மாதிரி லேசு. பிடி எல்லாம் வயலெட் நிறம். அடிபட்ட தோள், பொம்பளைக் கை, இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். மீஞ்சூரில் ரயிலுக்குள் ஏறியவர்கள் எல்லோரும் அதையே பார்த்தார்கள். நான் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அவளும் சந்தோஷமாகத்தான் வாங்கினாள். பிடியைத் தடவிப் பார்த்து, "ஷோக்கா கீது" என்றாள். அன்று சாயங்காலம் அடித்தாள். பந்து இடது பக்கம் வளைந்து, ரொம்ப உயரம் ஏறி, கொக்கு இறங்குகிற மாதிரி பக்கத்திலேயே இறங்கியது. அடுத்ததும் அப்படியே. பழக்கமில்லாததால் என்று சொல்லிவிட்டுப் பந்து பொறுக்கப் போனேன். அடுத்த சில நாள் எனக்கு வேலை அதிகம், இருட்டிய பிறகுதான் வந்தேன். ஒருநாள் சீக்கிரம் வந்தபோது ஏரித்தரையில் அவள் தனியாக நிற்பது தெரிந்தது. கையில் பழைய ஏழாம் நம்பர் இருந்தது. புதுச் செட் வீட்டில், தூசு படாமல் ஒரு புடவையில் சுற்றிப் பெட்டிமேல் வைக்கப்பட்டிருந்தது.

பக்கத்தில் போய் நின்றேன். "அது புடிக்கலியா?"

"நல்லாதான் கீது. நீ ஆசையா கொண்ணாந்தே."

"புடிக்கலியானு கேட்டேன்."

அவள் மட்டையைத் தரையில் ஊன்றினாள். "பச்சக் கொயந்த கையி மாதிரி கீதுயா அது. இறுக்கிப் புடிச்சா ஒட்ஞ்சிடுமோனு பயம். நான் திருப்பறதுக்குள்ள அது எங்கியோ சுத்திக்கினு வருது. உங்கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவேனு சொல்லல."

எனக்கு மனசு கஷ்டப்படவில்லை. வேறொன்று உறைத்தது. முன்பின் தெரியாத மெம்பர்களிடம் எல்லாம் அத்தனை கேள்வி கேட்கிறேன். இவளிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. உடைந்த தோளை மட்டும் பார்த்தேன். அந்தத் தோளுக்குக் கீழே, வருஷக்கணக்காகச் சேற்றைத் துழாவிய மணிக்கட்டும் முன்கையும் இருந்ததை மறந்துவிட்டேன். அந்த வேகத்துக்கு வயலெட் மட்டையின் தண்டு நாணல் மாதிரி வளைந்துகொடுத்திருக்கிறது.

அங்கேயே காய்ந்த தரையில் உட்கார்ந்தோம். மெம்பரிடம் கேட்கிற மாதிரியே கேட்டேன். "இத்த வெச்சிக்கினு உனுக்கு இன்னா பண்ணணும்? தூரமா போவணுமா?"

யோசித்தாள். "தூரம் வோணாம். நான் நெனச்ச எடத்துல போய் உக்காரணும். அப்பால, ஊட்டுக்குப் போறச்சொல்லோ கையி நோவக் கூடாது."

"வேற?"

"களியில குத்தக் கூடாது. குத்துனா பேஜாரா கீது." பிறகு தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். வருஷக்கணக்காக இறால் முள் குத்திக் குத்தி அவள் விரல் கணுக்கள் தடித்திருக்கும், முழுதாக மடங்காது. "புடி கொஞ்சம் பெருசா இருந்தா தேவல."

எந்த மெம்பரும் தன் ஆட்டத்தை எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து அவளை வெறுங்காலோடு நிற்கவைத்து, மணிக்கட்டிலிருந்து தரைவரை வலை நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டேன்.

மைதானத்தில் மட்டை பழுது பார்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். நூலையும் வயலெட் செட்டையும் அவர் மேசையில் வைத்துக் கதையைச் சொன்னேன். நூலைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வலை நூல்ல அளவு எடுத்த மொத ஆள் நீதான் தம்பி" என்றார். அந்தச் செட்டை வைத்துக்கொண்டு அதற்கு மாற்றாகத் தன் அலமாரியிலிருந்து வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டை மறந்து தேடினோம். அடி அகலமான, முதுகு குழிந்த தலைகளாக எடுத்தோம். அகலமான அடி களியில் குத்தாது, வழுக்கிக்கொண்டு போகும். எஃகுத் தண்டு தோளுக்கு ஆகாது, லேசான கிராஃபைட் தண்டு வேண்டும். ஆனால் பெண்களுக்கென்று போடுகிற வளைந்த வகை வேண்டாம், அதற்கு ஒரு படி விறைப்பானது. நூல் அளவுக்கு நறுக்கினோம். பிடிக்குக் கீழே டேப்பை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றித் தடியாக்கினோம்.

"முழு செட்டா போட்டுத் தரட்டா?" என்றார் அண்ணன்.

"அவ்ளோ நம்பர் அவளுக்கு எதுக்கு அண்ணே? தூரமே வேணாங்கறா. ஆறுலேருந்து ஒம்போது வரைக்கும் போதும்."

"கிட்டத்துல எறக்க பிட்ச்சிங் மட்டை ஒண்ணு சேத்துக்க. நெனச்ச எடத்துல உக்காரணும்னா அது வேணும்."

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. மட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடியில் டேப் ஒட்டி, பலகைமேல் அவளை அடிக்கவிட்டேன். தேய்மானம் நடுவில் விழவில்லை, காலுக்குப் பக்கத்தில், தண்டு சேரும் குதிப்பக்கம் விழுந்தது. அவள் கைகளைத் தாழ்த்திப் பிடிக்கிறாள், மட்டைத்தலையின் மறுமுனை மேலே தூக்கிக்கொள்கிறது. அப்படியிருந்தால் பந்து இடது பக்கம்தான் போகும். திரும்பக் கொண்டுபோனேன். அண்ணன் ஒவ்வொன்றையும் கிடுக்கியில் வைத்து ஒரு மயிரிழை படுக்கவைத்து வளைத்துக் கொடுத்தார். வீட்டில் மறுபடி அடித்துப் பார்த்தபோது தேய்மானம் நடுவில் விழுந்தது.

வைகாசியில் ஒரு சாயங்காலம் அவள் புது ஏழாம் நம்பரை எடுத்தாள். எப்போதும்போல் குனிந்து நின்றாள். சத்தம் வேறு மாதிரி கேட்டது. களி தெறிக்கவில்லை. பந்து நேராகப் போய், வெகு தூரம் போகாமல், நான் துண்டு விரித்து வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் விழுந்து நின்றது. அவள் இன்னும் தலையைத் தூக்கவில்லை.

"எங்க போச்சி?"

"நீயே பாரு."

பார்த்தாள். மட்டையைத் திருப்பி அதன் அடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அதற்குப் பிறகு இருட்டும்வரை அடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது அவள் கை தோளுக்குப் போகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் சீப்பை எடுத்துத் தானே தலை வாரிக்கொண்டாள். பின்னல் கோணல்தான். நான் போட்ட கொண்டையைவிட நன்றாக இருந்தது.

வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை, மெம்பர்கள் வராத நாளில், கேடிகளும் அவர்கள் வீட்டாரும் ஆடலாம் என்று எங்கள் மைதானத்தில் வழக்கம். ஆடி மாசம் அது வந்தது. அவளைக் கூட்டிப் போனேன். ஆடுகிறவர்கள் காலர் வைத்த சட்டைதான் போட வேண்டும். அவள் ஏரிக்குப் போகிற மாதிரியே புடவைமேல் என்னுடைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள். வாசலில் நின்ற காவலாளி மேலும் கீழும் பார்த்தார். காலர் இருந்தது. உள்ளே விட்டுவிட்டார்.

அவ்வளவு புல்லை அவள் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். முதல் அடியில் ஒரு கைப்பிடிப் புல் பெயர்ந்து பறந்தது. பந்தைப் பார்க்காமல் ஓடிப்போய் அந்தப் புல்லை எடுத்துவந்து, பெயர்ந்த இடத்திலேயே வைத்து, உள்ளங்கையால் அழுத்தினாள். "யாரும் பாக்கலியே?" என்றாள். எல்லாரும் செய்கிறதுதான் என்று சொன்னபிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

அவள் பையை நான்தான் தூக்கினேன். ஊரில் எத்தனையோ பேர் பையைத் தூக்கியவன், அன்றைக்கு அந்த ஐந்து மட்டைப் பையைத் தோளில் மாட்டியபோது கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்று நினைக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள், "இன்னா தலீவா, இன்னிக்கு எந்த மெம்பருக்கு?" என்று கேலி செய்தார்கள். ஒரு குழிக்குப் போகும் வழியில் குட்டையைத் தாண்டி அடிக்க வேண்டும். நான் ஏழாம் நம்பரை எடுத்து நீட்டினேன்.

"எட்டு குடு" என்றாள்.

"காத்து எதுத்துக்கினு கீது. ஏழு எடு."

"எட்டு."

கேடி ஒருமுறை சொல்லலாம். அதற்குமேல் ஆடுகிறவர் இஷ்டம். எட்டைக் கொடுத்தேன். பந்து அழகாக எழும்பி, காற்றில் கொஞ்சம் தயங்கி, அக்கரையில் தண்ணீரை ஒட்டிய புல்லில் விழுந்து நின்றது. இன்னும் ஒரு முழம் குறைந்திருந்தால் குட்டைக்குள் போயிருக்கும். குட்டையைச் சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தோம். பிறகு, என்னைப் பார்க்காமல், "ஏழே எட்த்திருக்கலாம்" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"நீ சொல்லலதான். அதான் பேஜாரு."

அதற்குப் பிறகு அந்தப் பந்தைக் குழியில் போட அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. போட்டு முடித்ததும் குனிந்து, குழிக்குள் கையைவிட்டுத் துழாவிப் பந்தை எடுத்தாள். கைநிறைய மண்ணும் வந்தது. அதைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு நிமிர்ந்து சிரித்தாள். அன்றைக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று நாங்கள் நினைக்கவும் இல்லை. ரயிலில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு அடியையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் கூடவே இருந்தேன் என்பதே அவளுக்கு மறந்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் சொல்லக் கேட்பது நன்றாக இருந்தது.

மழை வந்து ஏரி நிறைந்ததும் பறியைக் கடித்துக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினாள். முதல் நாள் நான் வேலைக்குப் போகாமல் கரையில் நின்று பார்த்தேன். தோள் தாங்கியது. போன வருஷத்தை விடக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தாள், அதற்கு அவள் வருத்தப்படவில்லை. இறாலும் நல்ல விலைக்குப் போனது.

இப்போது மாசி. இந்த வருஷம் தண்ணீர் அதிகம். வீட்டுக்குப் பின்னால் இன்னும் முழங்கால் ஆழம் நிற்கிறது. நேற்றுச் சாயங்காலம் அவள் பின்வாசலில் நின்று ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"ஏரி எப்பயா வத்தும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே திடுக்கிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏரி வத்தணும்னு கேக்கறேன் பாரு. எங்க நைனா கேட்டிருந்தா என்ன தொரத்தி தொரத்தி அட்சிருப்பாரு."

"உங்க நைனாவுக்கு நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பங்குனி முடிவதற்குள் வற்றிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அதை அவளிடம் மெதுவாகச் சொன்னேன், அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்காத மாதிரி.